முன்சீட்டும் ஈரத்துவாயும்

ஜவாத் இருபத்தேழு வருடங்களாகக் கல்முனையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசிக்கிறார். இத்தனை வருடம் பிறத்தியார் வீட்டுச் சுவரில் கண் வைத்து நடந்த மனிதன் ஊரைப் பற்றி நிறைய அறிந்திருப்பான் என்று நினைக்கத் தோன்றும். அவர் அறிந்ததெல்லாம் நாய்கள்தான். பாண்டிருப்பில் எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமலேயே வரும், காரைதீவில் எந்த வீட்டு நாய் மரக்கறி மட்டும் சமைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் கிடைக்காத ஆத்திரத்தில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். வலது காலில் மூன்று கடித் தழும்புகள் உண்டு. மூன்றுக்கும் திகதி சொல்லுவார்.

ஆனால் காட்டு யானையை அவர் கண்டதில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஐம்பத்திரண்டு வயது வரை யானை பார்க்காமல் இருப்பது இலேசான காரியமல்ல. யானை போட்ட லத்தியைப் பார்த்திருக்கிறார். யானை முறித்த தென்னை, பிரித்த வேலி, மிதித்த வயல் எல்லாம் பார்த்திருக்கிறார். எங்கு போனாலும் யானை அப்போதுதான் எழும்பிப் போயிருக்கும். கடன் கேட்டு வருகிறவனைக் கண்ட மச்சானைப் போல.

இதற்கு யானைகளைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் வேனில் இருந்தது.

இந்தக் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். ஜவாத் அட்டாளைச்சேனையில் பிறந்து, இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு சூட்கேசோடு கல்முனைக்கு வந்து, சுபைறாவின் வீட்டில் மாப்பிள்ளையானவர். சுபைறா நான்கு சகோதரிகளில் இரண்டாமவள். மூத்தவள் றாஹிலா. றாஹிலாவின் கணவர் சரீப், அரிசி ஆலைக்காரர், அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகன். மற்ற இரு சகோதரிகளின் கணவன்மாரும் வெளிநாட்டில் இருந்ததால் அவர்களுக்கு வரிசையில் இடம் பற்றிய கவலை இல்லை. ஜவாத்துக்கு இருந்தது.

மூத்த மருமகன் என்பது ஒரு பதவி. பெருநாள் விருந்தில் முதல் அகப்பை அவருக்கு விழும். ஈரல் துண்டு அவருக்கு. நல்ல காரியங்களுக்குத் திகதி குறிப்பது அவர். இரண்டாவது மருமகன் என்பது பதவியல்ல, ஒரு வசதி. மேசை தூக்க, பாய் விரிக்க, ஐஸ் வாங்கி வர ஆள் வேண்டுமல்லவா?

வருடத்துக்கு ஒரு முறை, பெரும்போக வெள்ளாமை வெட்டி வயலெல்லாம் மொட்டையாகக் கிடக்கும் நாட்களில், பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை பார்த்து, குடும்பம் ஒரு ஹையேஸ் வேன் பிடித்து மிருகம் பார்க்கப் போகும். பொத்துவிலைத் தாண்டி, பாணமை வீதியால், குமண பக்கம். அங்கே சித்திரையில் பறவைகள் கூடு கட்டும். வழியில் யானை, மயில், மான். குடும்பத்தின் அகராதியில் மிருகம் பார்ப்பது என்றால், வீட்டில் சமைத்த புரியாணியை ஐம்பது மைல் தள்ளி ஒரு மரத்தடியில் சாப்பிடுவது. மிருகங்கள் வந்தால் சந்தோசம், வராவிட்டாலும் புரியாணி வரும்.

அந்த வேனில் முன்சீட்டு சரீபுக்கு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவுமில்லை. ஜவாத்துக்குக் கடைசி வரிசை, புரியாணிச் சட்டிக்குப் பக்கம். சட்டி சரியாமல் ஒரு காலால் முட்டுக் கொடுக்க வேண்டும். முன்னால் இருந்து சரீப், "அந்தா யானை!" என்பார். நடு வரிசைகள் எழும்பும். ஜவாத் கழுத்தை நீட்டும்போது வேன் முப்பது யார் தூரம் தாண்டியிருக்கும். அவருக்குக் கிடைப்பது ஒரு புதர்ப் பற்றை. அந்தப் பற்றை ஆடிக்கொண்டிருக்கும். ஒன்பது பயணங்களில் ஆடும் பற்றைகள் பதினொன்றை அவர் கண்டிருக்கிறார்.

இந்த வருடம் சரீப் மூத்த மகனைப் பார்க்கக் கட்டார் போனார்.

இந்தச் செய்தி கேட்ட அன்று ஜவாத் வழக்கத்துக்கு மாறாக இரண்டு தேத்தண்ணி குடித்தார் என்று சுபைறா பின்னாளில் நினைவுகூர்ந்தாள். மறு கிழமை, இணையத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு பைனாகுலர் எடுப்பித்து மீட்டர் பையின் அடியில் ஒளித்து வைத்தார். எடுத்துப் பழகவும் செய்தார். தெருக்கோடியில் இருந்து ஒரு வீட்டு மீட்டரை வாசித்துப் பார்த்தார். இலக்கம் சரியாக இருந்தது. நாய்க்குத் தெரியவே தெரியாது.

பயணத்துக்கு முதல் நாள் றாஹிலாவின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். பெண்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டும் யாருடைய மகளுக்கு எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஜவாத் இறைச்சியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்பவர் போல, "மதினி, நாளைக்கு முன்னுக்கு ஆரு?" என்றார்.

றாஹிலா கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "ஆரா? நம்மட புது மாப்பிள்ளதான். வேற ஆரு?"

றாஹிலாவின் மகள் அஸ்னாவுக்குக் கலியாணம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை றம்ஸீன், மருதமுனைப் பையன், வங்கியில் வேலை. புது மாப்பிள்ளைக்கு ஒரு வருடம் வரைக்கும் அரச மரியாதை. அவன் இருமினால் நாலு பேர் தண்ணீர் கொண்டு ஓடுவார்கள். மூத்த மருமகன் இல்லாத இடத்தில் அவன்தான் முன்சீட்டு. ஜவாத் இந்தக் கணக்கைப் போட மறந்துவிட்டார்.

"ஓம், அதுதான் சரி," என்றார். சொல்லிவிட்டு ஐஸ் வாங்கப் போனார்.

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வேன் வந்தது. றைவர் அழகரெத்தினம், காரைதீவு ஆள். அவருடைய வீட்டு மீட்டரையும் ஜவாத்தான் பார்க்கிறார். வேனில் எல்லா யன்னலுக்கும் சிவப்புத் திரை போட்டிருந்தது. அது இல்லாத வேனில் றாஹிலா ஏறமாட்டாள். வீதியோரம் அந்நிய ஆண்கள் கூட்டமாக நிற்கும் இடங்களில் அவள், "திரையை இழுங்கடி!" என்பாள். ஏழு கைகள் ஒரே நேரத்தில் இழுக்கும். ஆயுதப்படையில்கூட அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது.

புது மாப்பிள்ளை முன்னால் ஏறினான். அஸ்னா மூன்றாம் வரிசையில் இரண்டு சாச்சிமாருக்கு, தாயின் இளைய தங்கைகளுக்கு, நடுவில் அகப்பட்டாள். ஜவாத் கடைசியில் சட்டிக்கு முட்டுக் கொடுத்தார். நிந்தவூர் தாண்டியதும் ஒரு முறை பைனாகுலரை எடுத்து முன்னால் பார்த்தார். றாஹிலாவின் பிடரி மிகப் பெரிதாகத் தெரிந்தது. திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

வழிநெடுக மாமி றாஹிலா முன்னால் பலகாரம் கடத்திக்கொண்டே இருந்தாள். "இந்தாங்க மகன், தொதல்." "போதும் மாமி." "வெக்கப்படாதீங்க மகன், ஒங்கட வேன் மாதிரி நினைங்க." அக்கரைப்பற்று வருமுன் றம்ஸீன் நான்கு தொதலும் இரண்டு முறுக்கும் ஒரு வட்டிலப்பமும் உண்டு முடித்திருந்தான். அவனுடைய கண் மட்டும் யானை வரும் வீதியைப் பார்க்கவில்லை. அழகரெத்தினத்தின் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியில் மூன்றாம் வரிசை தெரியும்.

பொத்துவிலில் ஒரு பள்ளிவாசலடியில் வேன் நின்றது. முகம் கழுவும் குழாயடியில் ஜவாத்தும் றம்ஸீனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"பின்னுக்கு எப்பிடி மாமா?"

"பின்னுக்கு என்ன மனே, நல்ல மணம்."

"முன்னுக்கு நல்ல காத்து. ஆனா கதைக்கத்தான் ஆளில்ல."

"றைவர் இரிக்காரே."

"அவர் டயர் விலைய மட்டுந்தான் கதைக்காரு." றம்ஸீன் காலை ஒரு முறை கழுவி, கழுவிய காலையே இன்னொரு முறை கழுவினான். "பின்னுக்கு நல்லா குலுக்குமே?"

"குலுக்கத்தான் செய்யும்."

இரண்டு பேரும் குழாயைப் பார்த்தார்கள். இடத்தை மாற்றுவோம் என்று ஜவாத் கேட்டால், மாப்பிள்ளையின் மரியாதையைப் பறித்த பழி. மாற்றுவோம் என்று மாப்பிள்ளை கேட்டால், பெண்டாட்டிக்குப் பக்கத்தில் இருக்க வெட்கமில்லாமல் அலைகிறான் என்று மூன்று சாச்சிமாரும் மூன்று ஊருக்குச் சொல்லுவார்கள். மரியாதை என்பது அப்படித்தான். கொடுக்கிறவனுக்கும் சுமை, வாங்குகிறவனுக்கும் சுமை.

"மாமா, ஒங்கட முகம் ஒரு மாதிரி இரிக்கி," என்றான் றம்ஸீன் மெதுவாக.

"என்ட முகமா? எனக்கொண்டும்…" ஜவாத் நிறுத்தினார். அவன் விட்ட நூலைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாதிரி எண்டா?"

"சத்தி வாற மாதிரி."

ஜவாத் சற்று யோசித்தார். வேனுக்குள் மூத்த மருமகனுக்கும் புது மாப்பிள்ளைக்கும் மேலே ஒரேயொரு தரம் உண்டு. அது சத்திக்காரன், வாந்தி எடுப்பவன். அவனுக்கு எவரும் எழும்பி இடம் விடுவார்கள். மரியாதைக்காக அல்ல, உடுப்புக்காக.

"வரவும் கூடும்," என்றார்.

றம்ஸீன் ஓட்டமாக ஓடினான். "மாமி! ஜவாத் மாமாக்கு ஏலாம இரிக்கி! தலை சுத்துதாம்! நான் பின்னுக்குப் போறன், அவர முன்னுக்கு விடுங்க!"

ஜவாத் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லுவது பாவம். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, வேனின் கதவைப் பிடித்து நிற்பது பாவம் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

"யா அல்லாஹ்! வெறும் வயித்துல வந்திரிப்பாரு," என்று றாஹிலா இறங்கி வந்தாள். "சுபைறா, ஒண்ட புருசனுக்கு ஒண்டும் குடுக்கல்லியா நீ?"

"மூணு இடியப்பத் தட்டு திண்டுட்டுத்தான் வந்தாரு ராத்தா."

"அதுதான். கூடிப் போச்சு."

சுபைறா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். இருபத்துநான்கு வருடத்தில் இந்த மனிதன் சத்தி எடுத்து அவள் கண்டதில்லை. பின்வரிசையில் கிடந்த அவருடைய பையை எடுத்து முன்னால் நீட்டினாள்.

இப்படியாக, ஜவாத் முன்சீட்டில் ஏறினார்; சாச்சிமார் இருவரும் றாஹிலாவின் பக்கத்துக்கு நகர, றம்ஸீனுக்கு அஸ்னாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. முன்கண்ணாடி அகலமாக, துப்புரவாக, உலகம் முழுவதும் அதற்குள் இருந்தது. ஆறு நிமிடம் அவர் அதை அனுபவித்தார். அறுகம்பே பாலத்தில் போகும்போது ஏழாம் நிமிடம் பின்னாலிருந்து ஒரு ஈரத்துவாய், நனைத்துப் பிழிந்த துண்டு, வந்து அவருடைய கண்ணின் மேல் விழுந்தது.

"ரோட்டப் பாக்காதீங்க தம்பி. ரோட்டப் பாத்தாத்தான் தலை சுத்தும்," என்றாள் றாஹிலா. நேர் பின்னால் இருந்தாள். ஒரு கை சீட்டின் மேல். "இந்தாங்க எலுமிச்சம்பழம். மூக்குல வைங்க. கண்ணத் திறக்கக் கூடாது. கேட்டுதா?"

"இல்ல மதினி, இப்ப கொஞ்சம்…"

"கதைக்கவும் கூடாது. கதைச்சா வரும்."

ஒன்பது வருடம் பிடரி பார்த்த மனிதர் பத்தாம் வருடம் இருட்டைப் பார்த்துக்கொண்டு பாணமை வீதியால் போனார். மயில் என்றார்கள். மயில் குஞ்சு என்றார்கள். "சங்குவளை நாரை, மரம் முழுக்க!" என்று அஸ்னா கத்தினாள். றம்ஸீன் மூன்றாம் வரிசையில் இருந்து, "எங்க எங்க?" என்றான். அவன் வெளியே பார்க்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஜவாத் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார். மடியில் பைனாகுலர் கிடந்தது.

பாணமைக்கு இரண்டு மைல் இருக்க, வேன் ஒரு திருப்பத்தில் மெல்ல நின்றது. பிரேக் அடித்துக்கூட நிற்கவில்லை, மூச்சை விட்டு நின்றது போல.

"பிள்ளையாரப்பா," என்றார் அழகரெத்தினம், தனக்குள் சொல்லுவது போல. பிறகு, "ஒருத்தரும் கதைக்காதீங்க. நடு ரோட்டுல நிக்காரு."

வேனுக்குள் எல்லாத் தலைகளும் முன்னால் எட்டின. அடுத்த கணம் றாஹிலாவின் குரல் அடங்கிய தொனியில் எழுந்தது. ஆபத்து என்றால் அவளுக்குத் தெரிந்த கட்டளை ஒன்றுதான்.

"திரையை இழுங்கடி!"

ஏழு கைகள். சரக், சரக், சரக். வேனின் இரு பக்கமும் மூடிக்கொண்டது. யானை அந்நிய ஆண் அல்லவென்றும், திரைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பார்த்து அது கண்ணடிக்காது என்றும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஜவாத்தின் மகன் உட்படப் பிள்ளைகளைச் சீட்டுக்குக் கீழே அமுக்கினார்கள். றாஹிலா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினாள். சாச்சிமார் அவள் தோளில் முகம் புதைத்தார்கள். புது மாப்பிள்ளை, புது மனைவியைக் காப்பாற்றும் கடமையை முன்னிட்டு, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் குனிந்தான். கையை மட்டும் உயர்த்திப் போனில் வீடியோ எடுத்தான். பிறகு பார்த்தபோது அதில் ஒன்றரை நிமிடம் வேனின் கூரை இருந்தது.

முன்கண்ணாடிக்கு மட்டும் திரை இல்லை.

ஜவாத் காதால் கேட்டார். தூசு நிலத்தில் பெரிய பாரம் ஒன்று, சத்தமே இல்லாமல், சத்தம் இல்லாததே ஒரு சத்தமாக நடந்து வருவதைக் கேட்டார். ஈரச் சேற்று மணம் எலுமிச்சையை மேவி வந்தது.

அவர் சின்ன விரலால் துவாயின் கீழ்க் கரையை ஒரு அங்குலம் தூக்கினார்.

கொம்பில்லாத ஆண் யானை. அலியன். உடம்பெல்லாம் ஈரச் சேறு. இடது காதின் ஓரம் காற்றடித்த வாழையிலை போல நான்காகக் கிழிந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு முழம். அதன் கண்ணைப் பார்த்தார். யானையின் கண்ணுக்கு இமை மயிர் உண்டென்றும், அது இவ்வளவு நீளமென்றும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தும்பிக்கை மெல்ல எழும்பி முன்கண்ணாடியில் பட்டது. மூச்சு விட்டது. கண்ணாடியில் இரண்டு வட்டம், சேறு கலந்த புகையாக விழுந்தது.

"திரையத் திறங்க, புள்ளையள் பாக்கட்டும்!" என்று கத்த அவருடைய வாய் திறந்துவிட்டது. பக்கத்து யன்னலால் எட்டினால் காதைத் தொடலாம். தன் மகன் சீட்டுக்குக் கீழே கிடக்கிறான். இனி எந்தக் காலம் இப்படி ஒன்று வரும்? ஆனால் கத்தினால், கண்ணை மூடியிருக்கும் நோயாளிக்கு யானை எங்கே நிற்கிறதென்று எப்படித் தெரியும் என்று றாஹிலா கேட்பாள். அவர் பொய்க்காரன். மாப்பிள்ளை கள்ளப் பங்காளி. நாற்பது நாள் கலியாணம் நாறும்.

வாயை மூடினார். துவாயை மூடவில்லை.

அழகரெத்தினம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டினார். தூக்கியிருந்த விரலைக் கண்டார். திரும்ப முன்னால் பார்த்தார்.

யானை திரும்பி, எவருடைய அவசரமும் இல்லாமல், காட்டுக்குள் இறங்கிப் போயிற்று. வாலின் நுனியில் மயிர் ஒரு பக்கம்தான் இருந்தது. கடைசியாக ஒரு பற்றை ஆடியது. ஜவாத்தின் பன்னிரண்டாவது பற்றை.

"போயிட்டுது," என்றார் அழகரெத்தினம்.

வேன் முழுவதும் ஒரே நேரத்தில் பேசியது. அதன் பிறகு குமணவுக்குப் போகவில்லை. "வருசத்துக்கு ஒண்டு போதும்," என்று றாஹிலா முடிவு சொல்லிவிட்டாள். பாணமையில் ஒரு மரத்தடியில் புரியாணி திறந்தார்கள். ஜவாத்துக்கு அது கொடுக்கப்படவில்லை. சத்திக்காரனுக்கு இறைச்சி ஆகாது. வெறும் பிஸ்கட்டும் இஞ்சித் தேத்தண்ணியும்.

"நல்ல வேளை தம்பி, நீங்க கண்ண மூடி இரிந்தீங்க," என்றாள் றாஹிலா. "நான் பாத்தனே, என்ட ஈரல் நடுங்கிப் போச்சு. நீங்க பாத்திருந்தா ஹார்ட்டே நிண்டிருக்கும்."

"ஓம் மதினி," என்றார் ஜவாத், பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்தபடி.

இரண்டு மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. றாஹிலாவின் வீட்டில் விருந்து. அதற்குள் அந்த யானை நன்றாக வளர்ந்திருந்தது. சாச்சிமார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் அதைத் தனித்தனியாக வளர்த்திருந்தார்கள். அவர்கள் கண்டது சிவப்புத் திரை மட்டும் என்பதை அவர்களே மறந்துவிட்டார்கள். கட்டாரில் இருந்து திரும்பியிருந்த சரீப், மூத்த மருமகன் என்ற முறையில், கதை சொல்லும் உரிமையையும் ஏற்றுக்கொண்டார். அயல்வீட்டு விருந்தினருக்கு அவர்தான் சொன்னார்.

"நல்ல வாலிபக் கொம்பன். ரெண்டு கொம்பும் இப்பிடி வளைஞ்சு, வேனத் தூக்கிறன் எண்டு வருது…"

"கொம்பு…" என்றார் ஜவாத். பாதி மேசை தள்ளி, தண்ணீர்ச் சாடியோடு நின்றவர், தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். றம்ஸீனின் கையில் சோற்றுப் பிடி அந்தரத்தில் நின்றது. சுபைறா கணவனின் முகத்தைப் பார்த்தாள், பொத்துவிலில் பார்த்த அதே பார்வை.

"கொம்புக்கு என்ன?" என்றார் சரீப்.

"இல்ல மச்சான். கொம்பு எவ்வளவு நீளம் வரும்?"

கட்டாரில் இருந்த சரீப் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். றாஹிலா, "இன்னும் கொஞ்சம்," என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் விரித்தார். ஜவாத் சாடியைச் சரித்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார்.

அந்த யானையைப் பற்றி அவர் பேசக்கூடிய ஆள் இந்தக் கரை முழுவதிலும் ஒருவர்தான். காரைதீவில் மீட்டர் வாசிக்கப் போன நாளொன்றில் அழகரெத்தினம் வாசலில் வேன் கழுவிக்கொண்டு நின்றார்.

"காது கிழிஞ்சிருந்திச்சு, என்ன?" என்றார், நிமிராமலே.

"நாலா," என்றார் ஜவாத். "இடப்பக்கம்."

"மூச்சு விட்ட அடையாளத்தக் கழுவ மனம் வரல்ல. ரெண்டு கிழமை வெச்சிருந்தன். மறுகா மழை கழுவிப் போட்டுது."

அவ்வளவுதான் கதை. அந்த வீட்டு நாயும் அன்று குரைக்கவில்லை. அந்த வீட்டு மீட்டரை வாசிக்க மட்டும் ஜவாத்துக்கு இப்போதெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகிறது.

அந்த ஹஜ்ஜுப் பெருநாள் விருந்து முடிந்து பாய் சுருட்டும்போது அடுத்த வருடப் பயணத்தின் பேச்சு எடுபட்டது. சரீப் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். றாஹிலா இடையில் புகுந்தாள்.

"நீங்க இந்த முறை நடுவுல இரிங்க. ஜவாத் தம்பிக்குப் பின்னுக்கு ஒத்து வாறல்ல. இனி எப்பவும் அவருக்குத்தான் முன்னுக்கு. பாவம், சத்திக்காரன். சுபைறா, துவாயும் எலுமிச்சம்பழமும் மறந்திராத. கண்ண நல்லா மூடிக் கட்டினாச் சரி."

சரீபின் முகம் விழுந்தது. மூத்த மருமகனிடமிருந்து முன்சீட்டைப் பறித்த முதல் மனிதர் என்ற பெயர் அந்தக் குடும்பத்தில் ஜவாத்துக்கு நிலைத்தது, ஆயுள் முழுவதுக்கும். "ஓம் மதினி," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனார். கைத்தறிக் கடை ஒன்றில் துவாய் கேட்டார். கடைக்காரர் முகம்மது தம்பி கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டார். ஜவாத் ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டு போய், வெயிலுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தை அதற்குள் வைத்து, வீதியைப் பார்த்தார். இல்லையென்று தலையாட்டித் திரும்ப வைத்தார்.

"என்ன தம்பி, தடிப்பு காணாதா?" என்றார் முகம்மது தம்பி. "நல்ல தடிப்புல உள்ளுக்கு இரிக்கி. பத்து வருசம் உழைக்கும்."

"இல்ல காக்கா," என்றார் ஜவாத். ஏழாவது துவாயின் ஊடாக ஒரு சைக்கிளும், அதில் போன ஆளும், அவர் பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டியும் தெளிவாகத் தெரிந்தன. "இதுல ரெண்டு தாங்க."